எந்த இ-ரீடர் வாங்கலாம் டாக்டர்?

நீளமான இழை. ஞாயித்துக்கிழமை மதியம் சாப்பிட்டுட்டுப் படிக்கிற மாதிரி வெச்சுக்குங்க.

"கிண்டில் வாங்கலாமா? டேப்லெட்டே போதுமா? போன்ல படிச்சா கண்ணு கெட்டுப் போயிடுமா?" ரமணாசிரமம் பக்கத்தில் கிளினிக் வைத்திருக்கும் என்னிடம் சுகர், பிரஷருக்கு அடுத்தபடியாக வரும் கேள்வி இது. டிசம்பர் பிறந்தால் செங்கம் ரோடு முழுக்க வெளிநாட்டுக்காரர்கள். டீக்கடை பெஞ்சில், மரத்தடியில், கிரிவலப் பாதையோரத் திட்டில் என்று எங்கே உட்கார்ந்தாலும் கையில் ஒரு மெல்லிய பலகை. நல்ல வெயிலிலும் எழுத்து தெரிகிறது. அதைப் பார்க்கும் நம்ம ஊர் ரிட்டயர்டு வாத்தியார்களுக்கும் பேங்க் ஆபீசர்களுக்கும் ஆசை வருகிறது. மகன் வெளிநாட்டில் இருந்தால் அடுத்த தடவை வரும்போது வாங்கி வருகிறான். இரண்டு மாசம் கழித்து அது பீரோவுக்குள் போய்விடுகிறது.

ஏன் போகிறது என்று பலரிடம் கேட்டுப் பார்த்தேன். கண்ணைக் குறை சொன்னவர்கள் குறைவு. படிக்க ஆசைப்பட்ட தமிழ்ப் புத்தகம் அதற்குள் வரவில்லை, வந்தாலும் எழுத்து எறும்பு மாதிரி இருந்தது, பெரிதாக்கினால் பக்கம் பிய்ந்துபோனது. இதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். இந்தப் பிரச்சினைக்குக் கால் நூற்றாண்டுக்கும் மேலான வரலாறு இருக்கு. அது தெரிந்தால் எதை வாங்குவது என்று நீங்களே முடிவு பண்ணிடுவீங்க.

முதலில் நம்ம மலையிலிருந்தே ஒரு சின்னக் கதை. 1902. தென்னாற்காடு கலெக்டர் ஆபீஸில், வருவாய்த் துறையில் வேலை பார்த்த சிவப்பிரகாசம் பிள்ளை வேலை விஷயமாகத் திருவண்ணாமலைக்கு வருகிறார். விரூபாட்ச குகையில் ரமணரைப் பார்க்கிறார். ரமணர் அப்போது பேசுவதில்லை. பிள்ளை கேள்வி கேட்க, அவர் மணலிலும் சிலேட்டிலும் எழுதிக் காட்டுகிறார். மணலில் எழுதியது அடுத்த கேள்விக்குள் அழிந்துவிடும். பிள்ளை அவற்றைத் தன் நோட்டில் குறித்து வைத்துக்கொண்டதால்தான் 1923-ல் 13 கேள்வி பதில்களாக அது அச்சில் வந்தது. 'நான் யார்?' என்று இன்று நாம் கையில் வைத்திருக்கும் சின்னப் புத்தகம் அதுதான். பின்னால் கேள்விகள் 28 ஆக விரிந்த பதிப்பும், ரமணரே கட்டுரையாக எழுதிக்கொடுத்த வடிவமும் வந்தன.

நான் இதில் பார்ப்பது ஒரே ஒரு விஷயம்தான். எழுதப்பட்ட இடம் மணல். பிழைத்தது நகல். இதை மனசில் வெச்சுக்கிட்டு 1998-க்கு வாங்க.

அந்த வருடம் இரண்டு சம்பவங்கள். இரண்டுக்கும் ஒன்றுக்கொன்று தொடர்பே கிடையாது.

அமெரிக்காவில் 'ராக்கெட் இ-புக்' என்ற கருவி விற்பனைக்கு வருகிறது. கையில் பிடித்துப் படிக்கும் கருவி, சுமார் பத்துப் புத்தகம் கொள்ளும். அதே சமயத்தில் 'சாஃப்ட்புக்' என்று ஒரு போட்டியாளர். எதை வாங்குவது என்று அன்றைக்கே பத்திரிகைகளில் ஒப்பீடுகள் வந்தன. 2000-ல் ஜெம்ஸ்டார் என்ற கம்பெனி இரண்டையும் வாங்கியது, 2003-ல் கடையைச் சாத்தியது. அந்தக் கருவிக்காகக் காசு கொடுத்து வாங்கிய பூட்டிய புத்தகங்களும் அதோடு முடங்கிப் போயின. (ராக்கெட்டை உருவாக்கிய மார்ட்டின் எபர்ஹார்டும் மார்க் டார்பெனிங்கும் 2003-ல் டெஸ்லா கார் கம்பெனியைத் தொடங்கினார்கள். அவங்களுக்கு நஷ்டம் ஒண்ணுமில்ல.)

இன்னொரு சம்பவம் சுவிட்சர்லாந்தில், லோசான் நகரத்தில். அங்கே ஒளி வேதியியல் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த முனைவர் கு. கல்யாணசுந்தரம் 1998 பொங்கல் அன்று 'மதுரைத் திட்டம்' என்று ஒன்றை ஆரம்பித்தார். கருவி கிடையாது, கடை கிடையாது, முதலீடு கிடையாது. உலகம் முழுக்க இருக்கும் தமிழர்கள் ஆளுக்கொரு பழைய நூலை எடுத்துத் தட்டச்சு செய்து அனுப்ப வேண்டும். இன்னொருவர் பிழை பார்ப்பார். பிறகு இணையத்தில் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். முதல் நூல் திருக்குறள். அமெரிக்காவில் இருந்த குமார் மல்லிகார்ஜுனன் துணைக்கு நின்றார்.

கம்ப்யூட்டர் பற்றி ஒரு எழுத்தும் படிக்காத டாக்டர்கள், இன்ஜினியர்கள், இல்லத்தரசிகள் ராத்திரி வேலை முடிந்து உட்கார்ந்து தட்டிய கோப்புகள் அவை. 1998-ல் தட்டிய அந்தக் குறளை இன்னைக்கு உங்க போனில் திறந்து படிக்கலாம். அதே வருடம் ராக்கெட்டுக்காக வாங்கிய நாவலைத் திறக்க முடியாது.

இப்படிச் சொன்னால் ஏதோ சுலபமாக நடந்த மாதிரி இருக்கும். நடுவில் பெரிய ரகளை நடந்தது.

தொண்ணூறுகளில் இணையத்தில் தமிழ் படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். ஒவ்வொரு பத்திரிகைக்கும் ஒவ்வொரு எழுத்துரு. ஒரு தளத்தின் ஃபான்ட்டை இறக்கிப் போட்டால் இன்னொரு தளம் கரப்பான் பூச்சி ஊர்ந்த மாதிரி தெரியும். இலங்கைத் தமிழர்கள் பக்கம் பாமினி. இங்கே ஆளாளுக்கு ஒன்று. கல்யாணசுந்தரமே 'மயிலை' என்ற எழுத்துருவை உருவாக்கி இலவசமாகக் கொடுத்தவர்தான். மதுரைத் திட்டத்தின் ஆரம்பக் கோப்புகள் அதில்தான் இருந்தன. பிறகு எல்லோரும் கூடிப் பேசி 'திஸ்கி' என்ற குறியீட்டுக்குப் போனார்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டில் அரசு சார்பில் 'டாம்', 'டாப்' என்று வேறு இரண்டு வந்தன. (நல்ல விஷயமாக தமிழ்99 விசைப்பலகையும் அங்கேதான் ஏற்கப்பட்டது. நான் இன்னைக்கும் அதில்தான் தட்டுகிறேன்.) கடைசியில் யூனிகோடு. 2010 ஜூனில், கோவை செம்மொழி மாநாட்டுச் சமயத்தில்தான் தமிழக அரசு யூனிகோடை முறைப்படி ஏற்றுக்கொண்டது.

இதில் கவனிக்க வேண்டியது, மதுரைத் திட்டக் கோப்புகள் ஒவ்வொரு தடவையும் புது வீட்டுக்குக் குடிமாறின. மயிலையிலிருந்து திஸ்கி, திஸ்கியிலிருந்து யூனிகோடு. பூட்டு இல்லாததால் மாற்றிக்கொள்ள முடிந்தது. ஓலைச்சுவடிக்கும் இதே கதைதான். ஒரு ஓலை சில நூறு வருடம் தாங்குவதே பெரிய விஷயம். நடுநடுவே யாராவது உட்கார்ந்து பிரதி எடுத்ததால்தான் உ.வே.சா. கைக்கு ஏதோ வந்து சேர்ந்தது. 1887-ல் சீவக சிந்தாமணி அச்சேறியது. பிரதி எடுக்க ஆளில்லாத சுவடிகள் கரையானுக்குப் போயின.

சரி, கருவிகள் பக்கம் வருவோம்.

வெயிலிலும் தெரியும் அந்தத் திரைக்குப் பெயர் இ-இங்க். 1997-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யிலிருந்து கிளம்பிய கம்பெனி அது. முடியளவு குட்டிக் குட்டி உருண்டைகளுக்குள் கறுப்புத் துகளும் வெள்ளைத் துகளும் மிதக்கும். மின்சாரம் கொடுத்தால் ஒன்று மேலே வரும், ஒன்று கீழே போகும். பக்கம் திரும்பும்போது மட்டும்தான் மின்சாரம் தேவை. அதனால்தான் வாரக்கணக்கில் சார்ஜ் நிற்கிறது. வெளிச்சம் திரையிலிருந்து நம் கண்ணுக்குள் வருவதில்லை, காகிதத்தில் பட்டுத் திரும்புவது போலத் திரும்புகிறது.

இந்தத் திரையோடு முதலில் விற்பனைக்கு வந்தது 2004-ல் ஜப்பானில் சோனியின் 'லிப்ரியே'. அருமையான கருவி. ஆனால் புத்தகத்தை விற்கவில்லை, வாடகைக்கு விட்டார்கள். 60 நாளில் தானாகச் செல்லாமல் போய்விடும். ஜனங்க வாங்கல. 2007 நவம்பர் 19 அன்று அமேசான் கிண்டிலை 399 டாலருக்கு இறக்கியது, ஐந்தரை மணி நேரத்தில் தீர்ந்துபோனது. 2009-ல் நூக். 2010-ல் கோபோ, அதே வருடம் ஐபேட். சோனி 2014-ல் வட அமெரிக்காவில் தன் புத்தகக் கடையை மூடி வாடிக்கையாளர்களைக் கோபோவிடம் ஒப்படைத்தது. இங்கிலீஷ்காரர்களின் சண்டை இவ்வளவுதான், இதை நீட்ட வேண்டாம்.

நம்ம பக்கம்தான் சுவாரஸ்யம்.

2009 அக்டோபரில் கிண்டிலை இந்தியாவுக்கும் அனுப்ப ஆரம்பித்தார்கள். 2010-ல் அகமதாபாத்தின் இன்ஃபிபீம் கம்பெனி 'பை' என்ற கருவியை 9,999 ரூபாய்க்குக் கொண்டுவந்தது. இந்திய மொழிகளும் வரும் என்பதுதான் அதன் பெருமை. 'விங்க்' என்று இன்னொன்றும் அதே காலத்தில் வந்தது. இரண்டும் இன்னைக்கு இல்லை. 2012 ஆகஸ்டில் கிண்டிலுக்கு இந்தியக் கடை திறந்தது, கருவி 6,999 ரூபாய்க்குக் குரோமா கடைகளில் கிடைத்தது. அதே வருடம் ஃப்ளிப்கார்ட்டும் மின்னூல் விற்க வந்தது. 2013-ல் கோபோ. 2015 டிசம்பரில் ஃப்ளிப்கார்ட் மின்னூலைக் கைவிட்டு, வாங்கியவர்களைக் கோபோ பக்கம் அனுப்பியது. கோபோவையும் இன்னைக்கு நம்ம ஊர்க் கடைகளில் தேடிப் பார்க்கணும்.

இவ்வளவு அமளியிலும் தமிழ் எங்கே இருந்தது?

'பொன்னியின் செல்வன்' என்ற தலைப்பை எடுத்துக்குங்க. அதில் 'பொ' இருக்கிறது, 'செ' இருக்கிறது. நாம் 'செ' எழுதும்போது கொம்பை முதலில் போட்டுவிட்டு அப்புறம் 'ச' எழுதுகிறோம். யூனிகோடில் உள்ளே சேமிக்கப்படுவது தலைகீழ். முதலில் 'ச', பிறகு கொம்பு. 'பொ' இன்னும் மோசம். 'ப' வுக்குப் பின்னால் இருக்கும் ஒரே குறியை இரண்டாக உடைத்து, கொம்பை முன்னால் தள்ளி, காலைப் பின்னால் வைக்க வேண்டும். இந்த வேலையைச் செய்ய மென்பொருளுக்குள் ஒரு தனி ஏற்பாடு வேண்டும். இங்கிலீஷுக்கு அது தேவையே இல்லை. அதனால் ஆரம்பகால இ-ரீடர் செய்தவர்கள் யாரும் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. விளைவு, கல்கியின் புத்தகத்தைப் போட்டால் அட்டையிலேயே பல் உடைந்து நின்றது.

போனிலும் அதேதான். 2010 வாக்கில் ஆண்ட்ராய்டில் தமிழ் என்றால் பெரும்பாலும் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். ஓபரா மினி உலாவியில் ஒரு ரகசியப் பக்கத்துக்குள் போய், சிக்கலான எழுத்துகளைப் படமாகக் காட்டு என்ற இடத்தில் 'ஆம்' கொடுத்துத் தமிழ் படித்த தலைமுறை நாங்கள். அந்த வித்தை தெரிந்தவனுக்கு ஹாஸ்டலில் தனி மரியாதை.

இந்த இடத்தில்தான் எனக்கு மிகவும் பிடித்த ஒரு தீர்வு வருகிறது. 2013-ல் 'கணியம்' இதழை நடத்திவந்த த. சீனிவாசனும் நண்பர்களும் 'ஃப்ரீ தமிழ் இபுக்ஸ்' என்ற தளத்தைத் தொடங்கினார்கள். எழுத்தாளர்களிடம் அனுமதி வாங்கி, கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில், யாரும் பகிரலாம் என்ற நிபந்தனையோடு மின்னூல் போட்டார்கள். ஒரே புத்தகத்தை இபப், மொபி, ஏ4 அளவு பிடிஎஃப் என்று பல வடிவத்தில் கொடுத்தார்கள். கூடவே இன்னொன்று, '6 இன்ச் பிடிஎஃப்'.

அது எதுக்குன்னு கேக்கறீங்களா? பழைய கிண்டில், நூக் போன்றவற்றுக்குத் தமிழ் எழுத்தைக் கோக்கத் தெரியாது. ஆனால் பிடிஎஃப் கிட்டத்தட்ட படம் மாதிரி, எழுத்து ஏற்கெனவே கோத்து வைக்கப்பட்டிருக்கும். ஆகவே இ-ரீடர் திரை அளவுக்கே பக்கத்தை வெட்டி, பெரிய எழுத்தில் அச்சிட்டது போலக் கொடுத்துவிட்டார்கள். கம்பெனி தமிழைக் கற்றுக்கொள்ளும்வரை காத்திருக்கவில்லை. தமிழ் தெரியாத கருவியிலேயே தமிழ் படிக்க வைத்தார்கள். சம்பளம் வாங்காத ஆட்கள் செய்த வேலை இது.

நியூஸ்ஹண்ட் என்ற போன் செயலியையும் சொல்லணும். பத்து ரூபாய், இருபது ரூபாய்க்கு, கார்டு இல்லாமல் போன் பேலன்ஸிலேயே தமிழ்ப் புத்தகம் வாங்க முடிந்தது. பஸ்ஸில் போகிறவர்கள் சுஜாதா படித்தார்கள். பின்னால் டெய்லிஹண்ட் என்று பெயர் மாற்றி, செய்தி, வீடியோ பக்கம் போய்விட்டது. மின்னூல் வாசகர்கள் மறுபடி நடுத்தெருவில்.

2016 டிசம்பர் 1-ல் அமேசான் தமிழ் உட்பட ஐந்து இந்திய மொழிகளில் கிண்டில் நூல்களை அறிவித்தது. இதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். எழுத்து சரியாக வந்தது. அளவைக் கூட்டிக் குறைக்க முடிந்தது. பதிப்பாளர் கிடைக்காத எழுத்தாளர் தானே புத்தகம் போட முடிந்தது. 2018-ல் 'பென் டு பப்ளிஷ்' போட்டியில் தமிழும் சேர்ந்தது, முதன்முதலாக எழுதிப் பார்த்தவர்கள் பல பேர். டொராண்டோவில் இருக்கும் ஒருவர் ராத்திரி பதினொரு மணிக்கு நினைத்த தமிழ் நாவலை நிமிஷத்தில் வாங்கிப் படிக்கலாம் என்பது சாதாரண விஷயம் இல்லை. நானும் நிறைய வாங்கியிருக்கிறேன்.

ஆனால் வாங்கியது புத்தகத்தையா, படிக்கும் அனுமதியையா என்று ஒரு கேள்வி இருக்கு.

2009 ஜூலையில் ஜார்ஜ் ஆர்வெல்லின் '1984' நாவலை, உரிமைச் சிக்கல் என்று சொல்லி, வாங்கியவர்களின் கிண்டிலுக்குள்ளிருந்தே அமேசான் அழித்தது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். பெரிய கண்டனம் கிளம்பி, நிறுவனர் ஜெஃப் பெசோஸ் மன்னிப்புக் கேட்டார். (எல்லாரையும் கண்காணிக்கிற அரசாங்கம் பற்றிய நாவல் அது. இதை யாரும் கற்பனை பண்ணி எழுதினா நம்பமாட்டாங்க.) 2019-ல் மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையை மூடியபோது, வாங்கிய புத்தகம் எல்லாம் மறைந்தது, பணம் மட்டும் திரும்பி வந்தது. 2023 ஜூனில் சீனாவில் கிண்டில் கடை மூடப்பட்டது. 2025 பிப்ரவரி 26 முதல், கிண்டிலில் வாங்கிய நூலைக் கம்ப்யூட்டரில் இறக்கி யூஎஸ்பி வழியாக மாற்றிக்கொள்ளும் வசதியை அமேசான் நிறுத்தியது.

தமிழனுக்கு நூல் அழிவது புதுசு இல்லை. 1981-ல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது போனவை சுமார் 97,000. அதில் வேறு பிரதி இல்லாத ஓலைச்சுவடிகளும் இருந்தன. அதையும் ஒரு கம்பெனி கடையை மூடுவதையும் ஒன்றாக வைக்க எனக்கு மனசு வராது, வைக்கவும் கூடாது. ஆனால் 2005-ல் ஈழத்து நூல்களை மின்வடிவில் சேர்க்க 'நூலகம்' என்ற தளத்தைத் தொடங்கியவர்கள், பிரதி ஒரே இடத்தில் இருக்கக் கூடாது என்பதை நம்மைவிட நன்றாக அறிந்தவர்கள். அங்கே புத்தகத்தைப் பூட்டாமல் கொடுக்கிறார்கள்.

இப்ப கண் விஷயம். டாக்டர் இழைக்கு வந்துட்டு இது இல்லாம எப்படி.

நாற்பது வயதுக்கு மேல் கிட்டத்தில் எழுத்து மங்குவதற்குத் தமிழில் அழகான பெயர் உண்டு, வெள்ளெழுத்து. கிராமத்தில் சாளேசரம் என்பார்கள். கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் விறைத்துப்போய் வளைய மறுப்பதுதான் காரணம். எந்தத் திரையும் இதை உண்டாக்குவதில்லை, எந்தத் திரையும் குணப்படுத்துவதுமில்லை. கண்ணாடி போடணும், அவ்வளவுதான்.

இதில் தமிழுக்கு ஒரு தனிக் கஷ்டம். 'க'வுக்கும் 'க்'குக்கும் வித்தியாசம் ஒரு புள்ளி. ஆரம்பகால இ-ரீடர் திரைகளில் அங்குலத்துக்கு 167 புள்ளிகள். 2012 பேப்பர்வைட்டில் 212. 2014-ல்தான் 300-ஐத் தொட்டது. ஆங்கில எழுத்து 167-லேயே படிக்கக்கூடியதாக இருந்தது. சின்ன அளவில் போட்ட தமிழ் மெய்யெழுத்தின் புள்ளி, அறுபது வயசுக் கண்ணுக்கு இருக்கா இல்லையா என்று தெரியாது. இன்றும் 300-க்குக் குறைவான திரையைத் தமிழ் படிக்க நான் சொல்வதில்லை.

இ-இங்க் கண்ணைக் காப்பாற்றும் என்பது விளம்பரம். எதைப் படித்தாலும், அச்சுப் புத்தகமானாலும், நாம் கண் சிமிட்டுவது குறைகிறது, கண் உலர்கிறது. வெயிலில் தெரியும், கூசாது, கை வலிக்காது என்பதெல்லாம் உண்மை. ஐந்து பாகப் பொன்னியின் செல்வனைப் படுத்துக்கொண்டு படித்துப் பாருங்கள், மூட்டுவலிக்காரருக்கு 200 கிராம் கருவி எவ்வளவு நிம்மதி என்று புரியும்.

தூக்க விஷயத்தில் மட்டும் கொஞ்சம் ஆதாரம் இருக்கு. 2015-ல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் இதழில் ஒரு ஆய்வு வந்தது. 12 பேர். தூங்கப் போகுமுன் நாலு மணி நேரம், ஐந்து நாள் ஐபேடில் படிக்க வைத்தார்கள், இன்னொரு ஐந்து நாள் அச்சுப் புத்தகம். ஐபேட் நாட்களில் மெலடோனின் குறைந்தது, தூக்கம் வர சுமார் 10 நிமிடம் கூடுதலானது, உடலின் கடிகாரம் ஒன்றரை மணி நேரம் பின்தங்கியது. சின்ன ஆய்வுதான். அதில் சோதித்தது ஐபேட், இ-இங்க் அல்ல. 'இ-புக் தூக்கத்தைக் கெடுக்கும்' என்று வாட்ஸ்அப்பில் வந்தால் இதை ஞாபகம் வெச்சுக்குங்க.

இதைவிட முக்கியமான ஒன்று. சுகர் இருக்கும் ஒரு ஐயா, எழுத்து கலங்கலாகத் தெரிகிறது என்று போனை மாற்றினார், பிறகு டேப்லெட், பிறகு இ-ரீடர். "மூணும் சரியில்ல தம்பி, கம்பெனிக்காரன் ஏமாத்துறான்" என்றார். விழித்திரையில் சுகர் வேலையைக் காட்டியிருந்தது. நல்லவேளை, லேசர் சிகிச்சை செய்யும் கட்டத்தில் பிடித்துவிட்டார்கள். சுகர்காரர்கள் வருடம் ஒருமுறை விழித்திரைப் பரிசோதனை செய்யணும். அதுக்கு அப்புறம்தான் கருவி.

இன்னொரு நோயாளி, எழுபதைத் தாண்டிய தமிழாசிரியை அம்மா. விழித்திரையின் நடுப்பகுதி வயதால் தேய்ந்தவர். பார்க்கும் இடத்தின் நடுவே ஒரு மறைப்பு. இப்படிப்பட்டவர்களுக்கு எழுத்து ரொம்பப் பெரிதாக இருந்தால் ஓரப் பார்வையில் படிக்க முடியும். தமிழில் பெரிய எழுத்துப் பதிப்பு என்பது அபூர்வம், ஆகவே அவருக்கு மின்னூல் மருந்து மாதிரி. பேரன் நல்ல ஆறு இன்ச் கருவி வாங்கித் தந்திருந்தான். ஆனால் அவர் கேட்ட புத்தகங்கள் எல்லாம் ஸ்கேன் செய்த பிடிஎஃப். பெரிதாக்கினால் வரி திரைக்கு வெளியே ஓடும், ஒவ்வொரு வரிக்கும் இடமும் வலமும் தள்ள வேண்டும். "பாதி வரியைப் படிச்சிட்டு மீதியைத் தேடிப் போறதுக்குள்ள எழுவாய் மறந்துடுது டாக்டர்" என்றார். இலக்கணம் நடத்தியவர் வாயிலிருந்து இதைவிடச் சரியான விமர்சனம் வராது.

ஸ்கேன் கோப்புக்கும் தட்டச்சு செய்த கோப்புக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் 2017-ல் வந்தது, பெரிய புதையல், ஆனால் பெரும்பாலும் ஸ்கேன். ரமணாசிரமத் தளத்திலும் பல நூல்கள் இலவச பிடிஎஃப்-ஆகக் கிடைக்கின்றன. இவற்றைப் படிக்க ஆறு இன்ச் இ-ரீடர் வாங்குவது காசுக்குக் கேடு. பத்து இன்ச் டேப்லெட் வாங்குங்க. அந்த அம்மாவுக்கு மதுரைத் திட்டத்தின் யூனிகோடு கோப்புகளைப் போட்டுக் கொடுத்தோம். திரையில் ஏழெட்டு வரிதான் நிற்கும். அதில் கல்கி முழுவதையும் ஆரம்பித்துவிட்டார்.

கல்கி எப்படி இலவசமாகக் கிடைக்கிறார் என்று கேட்பவர்களுக்கு: தமிழக அரசு எழுத்தாளர் குடும்பத்துக்குப் பரிவுத்தொகை கொடுத்து நூல்களை நாட்டுடைமை ஆக்குகிறது. பாரதியின் எழுத்துகளை 1949-ல் அரசு எடுத்துக்கொண்டது இதற்கு முன்னோடி. கல்கி 1999-ல் நாட்டுடைமை ஆனார். யார் வேண்டுமானாலும் பதிப்பிக்கலாம், யார் வேண்டுமானாலும் இபப் ஆக்கலாம். கம்பெனிகளின் சண்டை எதுவும் கல்கி வாசகரைத் தொட முடியாது.

ஆகவே கிளினிக்கில் நான் முதலில் கேட்பது, என்ன படிக்கப் போறீங்க?

புதுத் தமிழ் நாவல்கள், வாராவாரம் வெளியாகும் நூல்கள் என்றால் கிண்டில்தான், வேறு கடை அந்த அளவுக்கு இல்லை. 2025 ஏப்ரலில் வந்தபோது புது பேப்பர்வைட் 16,999 ரூபாயாக இருந்தது. 2012-ல் 6,999-க்கு உள்ளே நுழைந்த சமாச்சாரம். வாங்குமுன் அதே செயலியைப் போனில் இலவசமாகப் போட்டு, உங்க புத்தகங்கள் அங்கே இருக்கா என்று ஒரு மாசம் பாருங்க.

பழைய இலக்கியம், நாட்டுடைமை நூல்கள் என்றால் எந்தக் கருவியானாலும் சரி. மதுரைத் திட்டம், ஃப்ரீ தமிழ் இபுக்ஸிலிருந்து இபப் எடுத்து மின்னஞ்சல் வழியாகக் கிண்டிலுக்கே அனுப்பலாம், 2022-லிருந்து அது இபப் ஏற்கிறது. ஸ்கேன் நூல் என்றால் டேப்லெட். ஆண்ட்ராய்டில் ஓடும் இ-இங்க் கருவிகளும் இருக்கு, எல்லாச் செயலியும் வரும், விலைதான் கையைக் கடிக்கும். கண் புரை ஆரம்பித்தவர்கள் எதில் படித்தாலும் கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து வைத்துப் பாருங்க, கூச்சம் குறையும். பார்வை ரொம்பக் குறைந்தவர்களுக்குப் போனே மேல், தமிழை வாசித்துக் காட்டும் குரல் அதில் இருக்கு.

கடையில் நின்று ஒரே ஒரு சோதனை போதும். 'பொன்னியின் செல்வன்' என்று திரையில் வரவழைத்து, கொம்பு சரியான இடத்தில் நிற்கிறதா, புள்ளி தெரிகிறதா என்று கண்ணாடி போட்டுக்கொண்டு பாருங்க. பூட்டில்லாத கோப்புகளை ஒரு பென் டிரைவிலும் பேரன் கம்ப்யூட்டரிலும் போட்டு வையுங்க.

மாடல் நம்பர் கேட்டு கிளினிக்குக்குப் போன் பண்ண வேண்டாம். வரும்போது சுகர் ரிப்போர்ட்டும் போன தடவை போட்ட கண்ணாடிச் சீட்டும் எடுத்துக்கிட்டு வாங்க.